பற்றுச்சீட்டு சொல்லாத கணக்கு



எங்கள் ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கு நான் ஒன்பது வருடம் பொருளாளர். வருடாந்தக் கூட்டத்தில் அனுப்பிய காசுக்கெல்லாம் பற்றுச்சீட்டுக் காட்டுவேன். ஒருமுறை ஓர் அம்மா எழும்பி, "தம்பி, புத்தகம் போய்ச் சேர்ந்தது சரி. அதாலை பிள்ளையள் கெட்டிக்காரர் ஆனவையோ?" என்று கேட்டா. என்னிடம் பதில் இல்லை.

காசு எங்கே போனது என்பதைக் கணக்காய்வு சொல்லும். அதனால் என்ன மாறியது என்று பார்ப்பதற்குத் தாக்க மதிப்பீடு என்று பெயர்.

மேற்குக் கென்யாவில் புசியா, தேசோ மாவட்டங்களில் 100 பாடசாலைகளைத் தெரிந்து, 1996இல் அவற்றில் 25க்கு முதலில் பாடநூல்களைக் கொடுத்தார்கள். வசதியான பாடசாலை, தெரிந்த அதிபர் என்று பார்த்துக் கொடுக்கவில்லை. அதுதான் முக்கியம். புத்தகம் உள்ள பாடசாலை பெரும்பாலும் பணமும் உள்ள பாடசாலை. அதைப் புத்தகம் இல்லாத பாடசாலையோடு ஒப்பிட்டால், பணத்தின் வேலையைப் புத்தகத்தின் வேலை என்று எழுதிவிடுவோம்.

முடிவு? சராசரிப் புள்ளி கூடவில்லை. முதலே நன்றாகப் படித்த பிள்ளைகள்தான் முன்னேறினார்கள். புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. வீட்டு மொழி, சுவாகிலி இரண்டுக்கும் பிறகு, பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. இதை வாசித்தபோது, இங்கு வந்த முதல் வருடம் வகுப்பிலே புத்தகத்தைத் திறந்து படம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த என் மகனை நினைத்தேன்.

சராசரியோடு நின்றிருந்தால் 'புத்தகம் வீண்' என்று கோப்பை மூடியிருப்பார்கள். புசியாவின் விடை எங்கள் ஊருக்கும் பொருந்தும் என்றும் இல்லை. எங்கள் புத்தகங்கள் தமிழில்.

அதே புசியாவில் 1998 முதல் 75 பாடசாலைகளில் பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பாடசாலைக்கு வராமல் நிற்பது ஏறத்தாழக் கால்வாசி குறைந்தது. பரீட்சைப் புள்ளி கூடவில்லை. இது வெற்றியா, தோல்வியா? நீங்கள் எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு ஆய்விலும் இருந்த மைக்கேல் கிரெமர், 2019இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

எல்லாவற்றையும் இப்படி அளக்கவும் முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு ஒரு மீனவரிடம், "ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும், உமக்குப் படகு பிறகு" என்று யார் சொல்வது?

ஒரேயொரு பாடசாலையை வைத்து ஒப்பிட எங்களாலும் முடியாது. ஆனாலும் அதிபருக்கு எழுதி, பிள்ளைகள் புத்தகங்களை எப்படிப் பாவிக்கிறார்கள் என்று கேட்டேன். பழுதாகிவிடும் என்று அலுமாரியில் பூட்டி வைத்திருப்பதாகப் பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அடுத்த கூட்டத்தில் பற்றுச்சீட்டுகளுக்கு முன்னால் வாசிப்பேன். அந்த அம்மாவும் கட்டாயம் வரவேண்டும்.