படைவீரரும் தனிவாழ்வுரிமையும்
(யாழ்ப்பாணத்தில் ஆற்றிய உரை)



இராணுவத்தோடு நமக்குள்ள வழக்குகள் பல. அவ்வாறிருக்க, தன்பால் விருப்புடைய படைவீரரின் உரிமையை நாம் ஏன் பேசவேண்டும் எனச் சிலர் வினவுவர். நமக்கென நீதி கேட்கும் நாம் பிறர்க்குரிய நீதியை மறுத்தலாகாது. அதுவே நமது விடை.

பிரித்தானியாவைப் பாருங்கள். இத்தகைய வீரரை அந்நாடு நெடுங்காலம் படையினின்றும் நீக்கிற்று. சேவையிற் குறை காணாத அதிகாரிகள், அவர்தம் அந்தரங்கத்தைத் துருவித் துருவி விசாரித்தனர். இது தனிவாழ்வுரிமையை மீறுவதென 1999 செப்ரெம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்த்தது. 2000 சனவரியில் தடை நீங்கிற்று. படையின் கட்டுப்பாடு குலைந்ததா? இல்லை! 2023 யூலையில் பிரதமரே பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

ஆனால், அவர்கள் 1883இல் இங்கு இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு என்னாயிற்று? அதனைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்றென 2023 மே மாதத்தில் நமது உயர் நீதிமன்றமே கூறிற்று. எனினும், 2024இல் பாராளுமன்றம் கலையும்வரை அது நிறைவேறவில்லை.

மிரட்டிப் பணம் பறிப்பவனைப்பற்றி ஒரு வீரன் மேலதிகாரியிடம் முறையிட முடியுமா? இப்பிரிவு உள்ளவரை முறையீடே குற்ற ஒப்புதலாகிவிடும். வயலுழும் கமக்காரனுக்கும் இதே கதிதான். ஆதலின், வயதுவந்தோர் இருவரின் இசைவான உறவை இப்பிரிவினின்றும் விலக்குமாறு நம் பிரதிநிதிகளைக் கேட்போமாக!