மெல்லதிர்வில் பிறக்கும் மின்சாரம்

பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தில் அறிவியல் பேசுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும், அதிர்வு கவிஞர்க்கு அயற்பொருள் அன்று. யாழ் நரம்பின் இசையும் பாட்டின் ஓசையும் அதிர்வின் பிள்ளைகளே.

வண்டிகள் கடக்கையில் பாலம் அதிர்கிறது. நடப்போர் காலடி நொடிக்கு ஏறத்தாழ 2 முறை நிலத்தைத் தட்டுகிறது. இதயம் நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை துடிக்கிறது. வீணே கரையும் இவ்வசைவுகளை மின்னாற்றலாக்க இயலுமா என்பதே வினா.

அதற்கான வழிகள் முன்னரே அறியப்பட்டவை. காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றுக்கொன்று அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1831-இல் மைக்கேல் பாரடே காட்டினார். சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்பதை 1880-இல் பிரான்சு நாட்டுச் சகோதரர்களான ழாக் கியூரியும் பியர் கியூரியும் கண்டனர். இதனை அழுத்தமின் விளைவு என்பர்.

இடர்ப்பாடு அதிர்வின் மெதுவான போக்கில் உள்ளது. சுருள்வில்லில் தொங்கும் எடைக்குத் தனக்கென ஓர் அதிர்வெண் உண்டு. புற அதிர்வு அதனோடு பொருந்தினால் அசைவு பெருகும்; இதுவே ஒத்ததிர்வு. ஒரு தந்தியை மீட்ட, அதே சுருதியிலுள்ள மற்றொரு தந்தி தானே நடுங்குவதும் இதனால்தான். நொடிக்கு 10 முறை அசையும் எடை, தன் சுருள்வில்லை இரண்டரை மில்லிமீட்டரே நீட்டித் தொங்கும். நொடிக்கு ஒருமுறை அசைய வேண்டுமாயின் 25 சென்டிமீட்டர் நீட்டித் தொங்க வேண்டும். சிறு கருவியினுள் அவ்வளவு இடம் ஏது? ஆகவே, மெதுவான அசைவு ஒரு மெல்லிய தகட்டைச் சுண்டிவிடுமாறு அறிஞர் அமைத்தனர். ஒருமுறை சுண்டப்பட்ட தகடு, தன் உயர்ந்த அதிர்வெண்ணில் பன்முறை நடுங்கி மின்சாரம் தருகிறது.

கிடைப்பது சிறிதே. டோக்கியோ ரயில் நிலையத்தில் 2006-இலும் 2008-இலும் பயணிகளின் காலடியிலிருந்து மின்சாரம் எடுத்துச் சோதித்தனர். அவ்வாற்றலும் நடப்போர் உழைப்பிலிருந்து வந்ததே. காலடிகளால் நகரமே ஒளிரும் என்று பாடுவது உயர்வுநவிற்சி.

அச்சிறு அளவே உயிர்காக்கும் இடமும் உண்டு. இதயமுடுக்கிக்கு வேண்டிய மின்திறன், ஒரு வாட்டில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்குதான். எனினும் சில ஆண்டுகளில் அதன் மின்கலம் தீர்ந்துவிட, முதியவர் மீண்டும் அறுவைக்கு உடன்பட நேர்கிறது. இதயத் துடிப்பின் அதிர்வே அக்கருவியை இயக்கப் போதும் என்பதை, 2012-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடச் சோதனையில் காட்டினர். நோயாளிகளுக்கு இன்றும் பொருத்தப்படுபவை மின்கலக் கருவிகளே. ஆய்வுக்கூடத்திற்கும் நோயாளியின் மார்புக்கும் இடையிலான தொலைவு இன்னும் கடக்கப்படவில்லை.

அதிர்வெண், ஒத்ததிர்வு, அழுத்தமின் விளைவு எனத் தெளிந்த சொற்கள் தமிழில் உள்ளன. துடிக்கும் நெஞ்சைப் பலவாறு பாடிய கவிஞர்கள், அந்நெஞ்சு தன்னைக் காக்கும் கருவிக்குத் தானே ஆற்றல் ஊட்டும் நாளையும் அளவறிந்து பாடுதல் வேண்டும்.