முற்றத்துச் சாக்கெட்டும் மூன்றாவது கம்பியும்



வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டிய ஊர்களில் தோல் பதனிடுதல் பெருந்தொழில். இவ்வூர்களில் பல வீடுகளின் புறச்சுவரில் ஒரு மின் சாக்கெட் இருக்கக் காணலாம். தண்ணீர் மோட்டாருக்கும் துணி துவைக்கும் இயந்திரத்திற்கும் அதுவே துணை. அது பழுதுபட்டால் எவ்வாறு மாற்றுவது என்பது குறித்துச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

தோல் கெடாதிருக்க உப்பிடுவார்கள். பதனிடுமுன் அவ்வுப்பைக் கழுவுவார்கள். அக்கழிவு நீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததைக் குறித்து 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. வழக்கின் செய்தி பெரிது. இன்று நமக்கு வேண்டியது அந்த உப்பு மட்டும். உவர்நீர் தெறித்துக் காய்ந்த இடத்தில் உப்புப் படலம் தங்கும். ஐப்பசி மழையின் ஈரம் பட்டதும் அப்படலமே மின்சாரம் செல்லும் பாதையாகிவிடும். நான் கழற்றிப் பார்த்த முற்றத்துச் சாக்கெட்டுகள் பலவற்றில் பித்தளை முனைகள் பச்சைக் களிம்பேறி இருந்தன. சிலவற்றில் பிளாஸ்டிக்கே கருகியிருந்தது.

பழுதான சாக்கெட்டுக்குப் பதில் அதே அளவுள்ள வேறொன்றைப் பொருத்துவதை மின்சார விதிகளே வீட்டாருக்கு விலக்கவில்லை. புதிதாகக் கம்பி இழுப்பதோ, 6 ஆம்பியர் இடத்தை 16 ஆம்பியராக்குவதோ உரிமம் பெற்றவர் செய்யவேண்டிய வேலை.

முதலில் மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்; மெயின் அணைந்தாலும் அது மின்சாரம் தரும். டெஸ்டரை ஓடும் இணைப்பு ஒன்றில் முன்னரே சோதித்த பின்பே நம்புங்கள். சாக்கெட்டை நேரே நோக்கினால் மேலுள்ள பெரிய துளை எர்த், வலப்புறம் ஃபேஸ், இடப்புறம் நியூட்ரல். பின்புறம் திருப்பினால் இடவலம் மாறும் என்பதை மறவாதீர்கள். மூடியும் ரப்பர் விளிம்பும் உள்ள, மழைக்கு ஏற்ற பெட்டியே வேண்டும். கம்பிகள் அடிப்புறமாக நுழையட்டும்; மேலே துளையிட்டால் மழைநீர் கம்பி வழியே உள்ளே இறங்கும்.

இனி, பச்சை நிற மூன்றாவது கம்பி. அது வந்து சேராத வீடுகளில் எர்த் முனையை நியூட்ரலோடு இணைத்துவிடும் வழக்கம் உண்டு. இது உயிருக்கு உலை வைக்கும் செயல். எங்கேனும் நியூட்ரல் அறுந்தால் மோட்டாரின் இரும்பு உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும்.

எர்த் இருந்தாலும் அது மட்டும் போதுமா? எளிய கணக்கு ஒன்று. எர்த் குழியின் தடை 46 ஓம் எனக் கொள்வோம். 230-ஐ 46-ஆல் வகுத்தால் 5 ஆம்பியர். பதினாறு ஆம்பியர் ஃபியூஸ் இதற்கு உருகுமா? உருகாது. இரும்பு உடலில் மின்சாரம் நின்றபடியே இருக்கும். மனிதனின் இதயத்தைத் தடுமாறச் செய்யவோ ஆம்பியரில் சிறு பின்னமே போதும். ஆதலின் 30 மில்லி ஆம்பியரில் இயங்கும் ஆர்.சி.சி.பி. அவசியம். போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு கண்டவுடன் கண்ணிமைப்பதற்குள் அது இணைப்பைத் துண்டிக்கும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

அப்பொத்தான் எர்த் குழியைச் சோதிக்காது. கரியும் உப்பும் இட்ட குழி, வேலூர் வெயிலில் வறண்டால் தடை உயரும். கோடையில் அதற்குத் தண்ணீர் ஊற்றவேண்டும். மின்சாரத்திற்கு வழிவிடும் அதே உப்பு, இரும்புக் குழாயையும் அரிக்கும். ஆகவே குழாயையும் அதன் போல்ட்டையும் ஆண்டுதோறும் மழைக்கு முன் பார்த்து, எர்த் தடையை மின்பணியாளரைக் கொண்டு அளந்து கொள்ளுங்கள்.

ஈரக் கையோடு பிளக்கைத் தொடுபவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்களும் குழந்தைகளுமே. மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் அந்தக் குழாய்தான் அவர்களுக்குக் காவல்.