பழைய ஜீப்பும் புதிய காம்ப்ரஸரும்



கெட்டுப்போன உறுப்பைக் கழற்றிவிட்டுப் புதியது ஒன்றைப் பூட்டுவதே பழுதுபார்த்தல் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று. பழைய மோட்டார் வண்டி ஒன்றின் குளிர்சாதனத்தைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

1990ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவான ஜீப் செரோக்கி என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். சாலையற்ற மலைச்சரிவிலும் மணல்வெளியிலும் செல்ல வல்லது அது. அதன் குளிர்சாதனத்திற்கு இதயம் போன்றது காம்ப்ரஸர். அது வாயுவை அழுத்தி, வண்டியின் முன்புறமுள்ள குழாய்ச் சுருளுக்கு அனுப்புகிறது. அங்கே வாயு தன் வெப்பத்தை வெளிக்காற்றிற்கு ஈந்து திரவமாகிறது. பின்னர் அத்திரவம் ஒரு நுண்ணிய துளைவழியே சென்று, உட்புறச் சுருளில் ஆவியாகும்போது, வண்டிக்குள் இருக்கும் வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. மண்பானை நீர் குளிர்வதும் இவ்வாறு ஆவியாதலாலன்றோ?

காம்ப்ரஸரைச் சுழற்றுவது எஞ்சினின் பெல்ட். ஆயினும் அஃது எந்நேரமும் சுழல வேண்டுவதில்லை. ஆகவே மின்காந்தத்தால் இயங்கும் கிளட்ச் ஒன்றை இடையில் அமைத்துள்ளனர். மின்சாரம் பாய்ந்தால், காந்தம் ஒரு தட்டை இழுத்துக் கப்பியோடு பிணைக்கும். நின்றால், கப்பி மட்டும் சுழலும். தட்டுக்கும் கப்பிக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தேய்மானத்தால் அவ்வெளி அகன்றால், காந்தத்தால் தட்டை இழுக்க இயலாது. அப்பொழுது மெல்லிய வளையத் தகடு ஒன்றை எடுத்து இடைவெளியைக் குறைத்தாலே சில வேளைகளில் போதும். காம்ப்ரஸரை மாற்ற வேண்டுவதில்லை.

கப்பியின் பேரிங் இரைந்தால் மட்டும் வாளாவிருத்தல் ஆகாது. இவ்வண்டியின் நான்கு லிட்டர் எஞ்சினில் ஒரே பெல்ட் நீர்ப்பம்பையும் இயக்குகிறது. பேரிங் இறுகிப் பெல்ட் அறுந்தால், எஞ்சின் கொதித்து, ஆளற்ற பாலைவெளியில் வண்டி நின்றுவிடும்.

காம்ப்ரஸரே உள்ளே உடைந்துபோனால், உலோகத் துகள்கள் குழாய்களெங்கும் பரவும். அவற்றைக் கழுவி நீக்காமல் புதியதைப் பூட்டினால், அத்துகள்கள் அதனையும் அரைத்துவிடும். ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் உடன் மாற்றுதல் வேண்டும்; எண்ணெயை அளந்து இடுதல் வேண்டும். பின்னர்ப் பம்பினால் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுவர். அழுத்தம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் பாதரச அளவிற்குத் தாழ்ந்தால், 25 டிகிரி சென்டிகிரேடிலேயே நீர் கொதிக்கும். ஆதலின் எஞ்சிய ஈரமும் ஆவியாகி நீங்கும். ஈரம் தங்கினால் அமிலம் தோன்றி உலோகத்தை அரிக்கும்.

இனி வாயுவைப் பற்றிச் சில சொற்கள். இவ்வண்டியில் முதலில் இருந்தது ஆர்-12. இத்தகைய வாயுக்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்பதை மொலினா, ரோலண்டு என்னும் அறிஞர்கள் 1974இல் எடுத்துக்காட்டினர். 1987இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டின் இறுதியோடு ஆர்-12 உற்பத்தி நின்றது. ஆகவே பழைய வண்டிகள் பலவற்றை ஆர்-134ஏ என்னும் வாயுவுக்கு மாற்றினர். பழைய கனிம எண்ணெய் இதனோடு கலவாது. வேறு எண்ணெய் வேண்டும். இவ்வாயு ஓசோனைச் சிதைப்பதில்லை; எனினும் நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, கரியமில வாயுவைப் போல் ஆயிரம் மடங்கிற்கும் மேலாகப் புவியை வெப்பமாக்க வல்லது. எனவே எவ்வாயுவாயினும் அதனைக் காற்றில் திறந்துவிடுதல் தகாது. பயிற்சி பெற்றோர் உரிய கருவியால் அதனைச் சேகரித்தல் வேண்டும். பீறிடும் திரவம் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பதையும் மறவாதீர்.

மாணவர்களே! எந்தக் கருவியைப் பழுதுபார்க்க முற்பட்டாலும், திருகியைக் கையில் எடுக்குமுன் மூன்று வினாக்களை எழுப்புங்கள்: எது கெட்டது? ஏன் கெட்டது? அக்கேடு எதுவரை பரவியிருக்கிறது? இவற்றிற்கு விடை காணாமல் பூட்டும் புதிய உறுப்பு, பழையதன் வழியே விரைவில் போய்விடும்.