கரண்ட் போன பிறகு யோசிக்காதீர்கள்: வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

(வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, ஸ்ரீவைகுண்டத்தில் பொதுமக்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுகொண்டு மழையைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். நம்ம ஸ்ரீவைகுண்டத்தில் 60 சென்டிமீட்டருக்கு மேல். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் உங்கள் ஸ்டேஷனிலேயே நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் சாப்பாடு வந்து சேரும் வரைக்கும் பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சமைத்துக் கொண்டுவந்து அவர்களைப் பசியாற்றினார்கள். 19ஆம் தேதிதான் மீட்பு முடிந்து, வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் அனுப்பி வைக்கப்பட்டார்கள்.

அந்த நாட்களில் வெள்ளத்தோடு சேர்ந்து இருட்டும் வந்தது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை, செல்போனில் சார்ஜ் இல்லை. சென்னையிலும் துபாயிலும் இருந்த பிள்ளைகள் அழைத்து அழைத்துப் பார்த்தும் 'சுவிட்ச் ஆஃப்'. அதற்குப் பிறகு நம் பக்கத்தில் நிறைய பேர் கேட்கும் கேள்வி இதுதான்: "தம்பி, வீட்டுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கிப் போட்டா என்ன? பெட்ரோல்லயும் ஓடும், கேஸ்லயும் ஓடும்னு ஒண்ணு வருதாமே?"

நியாயமான கேள்வி. ஆனால் ஜெனரேட்டர் உயிரைக் காப்பாற்றவும் செய்யும், கவனம் தப்பினால் உயிரை எடுக்கவும் செய்யும். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், உங்களுக்கு இது தேவைதானா?

இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் கரண்ட் போவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் ஜெனரேட்டர் வேண்டாம். இன்வெர்ட்டரும் நல்ல பேட்டரியும் போதும். சத்தம் இல்லை, புகை இல்லை.

"எங்க மாடியில சோலார் இருக்கே" என்று சிலர் சொல்வீர்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த சோலார், லைனில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். வெயில் சுள்ளென்று அடித்தாலும் வீட்டுக்கு வெளிச்சம் வராது. இது தெரியாமல் சோலாரை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் கரண்ட் இல்லாமல் போகும் ஊர், வீட்டில் இன்சுலின் போடுபவர், நெபுலைசரோ ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரோ தேவைப்படும் பெரியவர், மோட்டாரை நம்பியே குடிதண்ணீர் என்கிற நிலை. இப்படி இருந்தால் ஜெனரேட்டரைப் பற்றி யோசிக்கலாம். வீட்டுக்கு ஒன்று என்றுகூட இல்லை. நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, முறை வைத்துப் பயன்படுத்தலாம்.

இரட்டை எரிபொருள் என்றால்?

இது நமக்குப் புதுசு இல்லை. கொடை விழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் வந்த பழைய ஜெனரேட்டர்களைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோலில் கிளப்பிவிட்டு, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். இப்போது வருவது பெட்ரோலிலும் எல்.பி.ஜி. கேஸிலும் ஓடுவது. ஒரு திருகை மாற்றினால் போதும்.

இதில் லாபம் என்ன? பெட்ரோலை மாதக்கணக்கில் வைத்திருந்தால் கெட்டுப்போகும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கார்புரேட்டரில் பிசுபிசுவென்று படிந்து, அவசரத்துக்குக் கயிற்றை இழுத்தால் இஞ்சின் கிளம்பாது. கேஸ் அப்படிக் கெடாது. வருஷத்தில் பத்து நாள்தான் ஓடப்போகிற மெஷினுக்கு இது பெரிய விஷயம். சாலை துண்டிக்கப்பட்டு பங்க்குக்குப் போக முடியாத நேரத்தில், இரண்டில் எது கையில் இருக்கிறதோ அதை வைத்து ஓட்டலாம்.

நஷ்டமும் உண்டு. கேஸில் ஓடும்போது திறன் சுமார் பத்து சதவீதம் குறையும். பெட்ரோலில் 2 கிலோவாட் தருவது கேஸில் 1.8 கிலோவாட்தான் தரும். கணக்குப் போடும்போது கேஸ் கணக்கையே போடுங்கள்.

அடுப்படி சிலிண்டரைத் தொடாதீர்கள்

கடைக்காரர் சொல்லாமல் விடுவது பெரும்பாலும் இதைத்தான். வீட்டுச் சமையலுக்கு மானியத்தோடும் சலுகை விலையிலும் வரும் 14.2 கிலோ சிலிண்டரை ஜெனரேட்டருக்குப் பயன்படுத்தக் கூடாது. எல்.பி.ஜி. விநியோக ஒழுங்குமுறை ஆணை 2000இன்படி அது குற்றம். வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ சிலிண்டரோ, கடைகளில் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டரோ வாங்க வேண்டும். எதை இணைக்கலாம் என்பதை கேஸ் ஏஜென்சியிலும் ஜெனரேட்டர் கையேட்டிலும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுப்பு ரெகுலேட்டரையும் மாட்டக் கூடாது. கம்பெனி கொடுத்த ரெகுலேட்டரும் குழாயும் மட்டும்தான். "இருக்கிற பெட்ரோல் ஜெனரேட்டருக்கே கேஸ் கிட் மாட்டித் தாரேன், செலவு கம்மி" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

எவ்வளவு பெரியது வேண்டும்?

"அண்ணாச்சி, பெருசா ஒண்ணு குடுங்க" என்று கடையில் கேட்காதீர்கள். வீட்டில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்.

மூன்று ஃபேன், தலா 75 வாட் என்றால் 225. ஆறு எல்.இ.டி. பல்பு, தலா 9 வாட், 54. ஃப்ரிட்ஜ் 150. டி.வி. 80. செல்போன் சார்ஜர்கள் எல்லாம் சேர்த்து 40. மொத்தம் 549 வாட். அவ்வளவுதானா என்றால் இல்லை. ஃப்ரிட்ஜ் கிளம்புகிற அந்த ஒரு நொடியில் மூன்று, நான்கு மடங்கு இழுக்கும். 600 வாட் என்று வைத்துக்கொள்வோம். மற்றவை 399, ஃப்ரிட்ஜ் 600, ஆக கிட்டத்தட்ட 1000 வாட். கேஸில் 1.5 கிலோவாட் தரும் ஜெனரேட்டர் இந்த வீட்டுக்குத் தாராளம்.

மோட்டார் வந்தால் கதை மாறும். ஒரு எச்.பி. மோட்டார் ஓடும்போது 1000 வாட் அளவுக்கு இழுக்கும், கிளம்பும்போது 3000ஐத் தாண்டும். அதற்கு 3.5 கிலோவாட்டுக்குக் குறையாமல் வேண்டும். அப்போதும் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மோட்டாரை மட்டும் போட்டுத் தொட்டியை நிரப்புங்கள். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு ஃப்ரிட்ஜைப் போடுங்கள்.

வாங்கும்போது லேபிளில் நான்கு விஷயம் பாருங்கள். ஒன்று, 'மேக்சிமம்' எண்ணைப் பார்க்காமல் 'ரேட்டட்' எண்ணைப் பாருங்கள். தொடர்ந்து தரக்கூடியது அதுதான். இரண்டு, கே.வி.ஏ.வும் கிலோவாட்டும் ஒன்றல்ல, கிலோவாட்டைக் கேளுங்கள். மூன்று, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா? இணையத்தில் விற்கும் சில வெளிநாட்டு மாடல்கள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் வீட்டுக்கு உதவாது. நான்கு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புகை, ஒலி விதிகளுக்கு உட்பட்டது என்ற சான்று. இவற்றோடு இன்னொரு கேள்வி: சர்வீஸ் செய்ய ஆள் திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ உண்டா, பார்ட்ஸ் கிடைக்குமா? இல்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

எரிபொருள் எத்தனை நாள் வரும்?

2 கிலோவாட் ஜெனரேட்டர் பாதி லோடில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ அரை கிலோ கேஸ் பிடிக்கும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்றால் 3 கிலோ. 19 கிலோ சிலிண்டர் ஆறு நாள் வரும். பெட்ரோல் என்றால் நாளைக்குச் சுமார் 4 லிட்டர். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், கையேட்டைப் பாருங்கள்.

ஆறு மணி நேரம் போதுமா? போதும். காலையில் இரண்டு, மதியம் இரண்டு, ராத்திரி இரண்டு. கதவைத் திறக்காமல் வைத்தால் ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். இன்வெர்ட்டர் இருக்கிற வீடு என்றால், ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் அதன் பேட்டரியையும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால் இன்வெர்ட்டரின் பின்பக்கச் சுவிட்சை யு.பி.எஸ். மோடிலிருந்து நார்மல் மோடுக்கு மாற்றிப் பாருங்கள். ராத்திரி முழுக்க ஃபேனும் லைட்டும் சத்தமில்லாமல் ஓடும்.

பெட்ரோலை பிளாஸ்டிக் பாட்டிலிலோ குடத்திலோ வைக்காதீர்கள். 1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் இல்லாமல் 30 லிட்டருக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

உயிர் சம்பந்தப்பட்ட மூன்று விஷயங்கள்

இதுவரை சொன்னதை மறந்தாலும் பரவாயில்லை. இனிச் சொல்வதை மறக்காதீர்கள்.

ஒன்று, புகை. ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கேஸில் ஓடினாலும் இந்த ஆபத்து உண்டு. மழை பெய்கிறதே என்று தார்சாவிலோ திண்ணையிலோ கார் ஷெட்டிலோ வைத்து ஓட்டாதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது. வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க, நான்கு பக்கமும் காற்றோடும் கூரைக்குக் கீழே வையுங்கள். வெள்ளம் ஏறும் தெரு என்றால் மொட்டை மாடி. மாடிப்படிக் கதவுக்குப் பக்கத்தில் வேண்டாம். இரண்டு பேர் தூக்கி மேலே ஏற்ற முடிகிற எடையா என்று வாங்கும்போதே தூக்கிப் பாருங்கள். யாருக்காவது தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். பிறகு 108.

இரண்டு, லைன். ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக்கில் சொருகிவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் கரண்ட் உங்கள் மீட்டர் வழியாகத் திரும்பிக் கம்பத்துக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மரில் அது பல மடங்கு வோல்டேஜாக மாறும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி, உங்கள் தெருவுக்கு வெளிச்சம் கொடுக்க இடுப்பளவு தண்ணீரில் வந்து கம்பத்தில் ஏறுகிறவர் அங்கேயே விழுவார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். எர்த்தும் சரியாக இருக்கட்டும். அதற்கு இப்போது வசதி இல்லையென்றால், ஜெனரேட்டரிலிருந்து நல்ல தடிமனான மூன்று கோர் எக்ஸ்டென்ஷன் ஒயரில் நேராக ஃப்ரிட்ஜையும் ஃபேனையும் இணையுங்கள். வீட்டு வயரிங்கைத் தொடவே வேண்டாம்.

மூன்று, தீ. ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். அணைத்து, கால் மணி நேரம் ஆறவிட்டு ஊற்றுங்கள். சிலிண்டரை நிமிர்த்தி, வெளியே, வெள்ளத்தில் மிதந்து போகாதபடி கட்டி வையுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். ஒவ்வொரு முறை இணைத்ததும் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை கிளம்புகிறதா என்று பாருங்கள். கசிவு என்றால் 1906க்கு அழையுங்கள்.

மாதம் ஒருமுறை

வாங்கி மூலையில் போட்டுவிட்டால் ஐப்பசியில் கைகொடுக்காது. மாதத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் லோடு கொடுத்து ஓட்டுங்கள், பெட்ரோலில் கொஞ்சம், கேஸில் கொஞ்சம். முடிந்ததும் கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்காமல் தீர்த்துவிடுங்கள். இஞ்சின் ஆயிலைக் கையேடு சொல்லும் மணிக்கணக்கில் மாற்றுங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அப்பா வேலைக்குப் போயிருக்கும்போது அம்மாவும் மகளும் கிளப்பி, அணைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

சில எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள். மின்தடைப் புகாருக்கு மின்னகம்: 94987 94987. பேரிடர் உதவிக்கு மாவட்டத்தில் 1077, மாநில அளவில் 1070.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வெள்ள நாளில் உங்கள் வீட்டில் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். வாசலில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை, மழை படாத இடத்தில் வைத்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் செல்போனை சார்ஜ் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். எதிர்வீட்டுப் பாட்டியின் இன்சுலினுக்கு உங்கள் ஃப்ரிட்ஜில் ஒரு ஓரம் கொடுங்கள். முன்பின் தெரியாத 800 பேருக்கு உலை வைத்த ஊர்ப்பக்கம் இது. உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.