பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடும் முன்னே

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்துல ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க: "ஆபீஸ் கம்ப்யூட்டர் மூணு வாரமா ஓடலையே, புதுசு வாங்கப் போறீங்களா, பழசையே சரி பண்ணப் போறீங்களா? எங்க சந்தாப் பணம்தானே அது?" நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறோம். கம்ப்யூட்டர் விஷயம் நமக்கெதுக்குன்னு யாரும் டீ குடிக்க எழுந்து போயிடாதீங்க. நம்ம உறுப்பினர் ஒருத்தரோட சேமிப்புப் பணம் இந்தக் கதைக்குள்ள இருக்குது.

நம்ம கம்ப்யூட்டர் 2012-இல் வாங்கினது. அதோட மானிட்டர் திடீர்னு போயிடுச்சு. புது மானிட்டர் ஒண்ணு வாங்கினோம். வீட்டுக்கு வந்து பார்த்தா பழைய வயர் அதுல சேரல. கம்ப்யூட்டருக்குப் பின்னால இருக்கிறது நீல நிறத்துல, 15 துளை மூணு வரிசையா உள்ள முனை. அதுக்குப் பேர் வி.ஜி.ஏ. புது மானிட்டர்ல இருக்கிறது சின்னதா, தட்டையா ஒரு முனை. அது எச்.டி.எம்.ஐ. கடைக்காரரிடம் போனோம். "இதுக்கு ஒரு அடாப்டர் இருக்கு"ன்னு ஒண்ணு கொடுத்தார். கொண்டுவந்து சொருகினோம். எல்லாம் கச்சிதமா சேர்ந்தது. ஆனா திரையில படம் வரல. "நோ சிக்னல்"னு மட்டும் வந்தது.

திரும்பக் கடைக்குப் போனோம். "உங்க சி.பி.யூ. போயிடுச்சும்மா, இனிமே அது பழைய இரும்புக்குத்தான். 38,000 ரூபாய்க்குப் புதுசு தர்றேன்"னு சொன்னார். நாங்களும் தலையாட்டிட்டு வந்துட்டோம். செயலாளர் அக்காதான் நிறுத்தினாங்க. "மாடு பால் கறக்கலேன்னா உடனே சந்தைக்கு ஓட்டிடுவோமா? தீவனம் வச்சோமா, தண்ணி காட்டினோமான்னு பார்க்க மாட்டோமா?"ன்னு கேட்டாங்க. அப்புறம்தான் உட்கார்ந்து ஒவ்வொண்ணா பார்த்தோம்.

அடாப்டர் இரண்டு வகை

சகோதரிகளே, அடாப்டர்னு ஒரே பேரைச் சொல்லி இரண்டு வேறு வேறு சாமானை விற்கிறாங்க.

ஒண்ணு, வெறும் ஜாயிண்ட். ஒரு இஞ்ச் குழாயில முக்கால் இஞ்ச் குழாயைச் சேர்க்க ரெடியூசர் போடுறோம் இல்லையா, அது மாதிரி. உள்ளே போற தண்ணிதான் வெளியேயும் வரும். வடிவம் மட்டும் மாறும்.

இன்னொண்ணு, ரைஸ் மில் மாதிரி. ஒரு பக்கம் நெல் போகும், மறு பக்கம் அரிசி வரும். உள்ளே ஒரு சிப் இருந்து வேலை செய்யுது. இந்த வகையில திசை முக்கியம். அரிசியைக் கொட்டினா நெல் வருமா?

வி.ஜி.ஏ. என்பது பழைய அனலாக் முறை. எச்.டி.எம்.ஐ. என்பது டிஜிட்டல் முறை. அதனால இதுக்கு வேண்டியது மில். அதுவும் வி.ஜி.ஏ.-வை வாங்கி எச்.டி.எம்.ஐ.-யா கொடுக்கிற மில். கடைக்காரர் கொடுத்தது நேர் எதிர்த் திசையில வேலை செய்யறது. புது லேப்டாப்பைப் பழைய மானிட்டரில் மாட்டுறவங்களுக்கு உண்டானது. வயர் வச்சு இழுத்துச் சொருகினதால முனை சேர்ந்துச்சு. முனை சேர்ந்தா வேலை செய்யும்னு நாம நினைச்சதுதான் தப்பு. கம்ப்யூட்டருக்கு ஒரு கேடும் இல்ல.

சரியான அடாப்டர் வாங்கினோம். அதுல கூடுதலா ஒரு யு.எஸ்.பி. வால் இருந்தது. மில் ஓட கரண்ட் வேணுமே, அதுக்கு. அந்த வாலைச் சொருகாம விட்டா படம் வராமலே போகலாம், இல்லேன்னா விட்டு விட்டு வரும். சொருகி, மானிட்டர் பட்டனை அழுத்தி எச்.டி.எம்.ஐ.-ன்னு தேர்ந்தெடுத்தோம். படம் வந்துடுச்சு.

இன்னொண்ணும் கவனிங்க. சில பழைய கம்ப்யூட்டரில் வெள்ளை நிறத்துல அகலமா டி.வி.ஐ. முனையும் இருக்கும். அதுல டிஜிட்டல் சிக்னல் வரும். அது இருந்தா எச்.டி.எம்.ஐ.-க்கு வெறும் ஜாயிண்ட் போதும், மில் தேவையில்ல. அதனாலதான் சொல்றோம், கடைக்குக் கிளம்பும் முன்னே பின்பக்கத்தை முழுசா செல்போன்ல படம் எடுத்துக்குங்க.

கருகல் வாசனை

படம் வந்ததும் ஆசையும் வந்தது. கம்ப்யூட்டர் திறக்கவே பத்து நிமிஷம் ஆகுதே, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலா எஸ்.எஸ்.டி. போட்டா வேகமாகும்னு படிச்சிருக்கோம், போடுவோம்னு முடிவு பண்ணினோம். பழைய டிஸ்க்கும் உள்ளேயே இருக்கட்டும்னு நினைச்சோம்.

மெக்கானிக் தம்பி வந்தார். எஸ்.எஸ்.டி.-க்குக் கரண்ட் கொடுக்க ஒரு முனை குறையுதுன்னு, நாலு கம்பி உள்ள பழைய பெரிய முனையில மாட்டுற சின்ன அடாப்டர் ஒண்ணைப் போட்டார். கொஞ்ச நேரத்துல கருகல் வாசனை. நல்லவேளை, கணக்காளர் தங்கச்சி சட்டுன்னு சுவிட்சை அணைச்சுட்டாங்க. கழட்டிப் பார்த்தா முனை இளகியிருந்தது.

காரணம் என்னன்னா, அந்த அடாப்டரில் 12 வோல்ட் கம்பியும் 5 வோல்ட் கம்பியும் நெருக்கமா போகுது. மலிவு ரகத்துல பிளாஸ்டிக்கை உருக்கி ஊத்தி கம்பியை மூடிடுறாங்க. ஊத்தும்போது உள்ளே கம்பி நகர்ந்து ஒண்ணையொண்ணு தொட்டுட்டா வெளியே தெரியாது. பின்னாடி ஒரு நாள் எரியும். எரிஞ்சா அடாப்டரோட போகாது, டிஸ்க்கும் கணக்கும் சேர்ந்து போகலாம். வாங்கித்தான் ஆகணும்னா, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியா வெளியே தெரிகிற மாதிரி, அழுத்திப் பொருத்தின ரகமா பார்த்து வாங்கணும்.

ஆனா நமக்கு அது வாங்கவே தேவைப்படல. ரெண்டு வருஷமா யாரும் தொடாத டி.வி.டி. பெட்டி ஒண்ணு உள்ளே இருந்தது. அதோட கரண்ட் முனையையும் டேட்டா வயரையும் கழட்டி எஸ்.எஸ்.டி.-க்குக் கொடுத்தோம். ஓடுது. அடாப்டர் வாங்காமலே வேலை முடியுமான்னு முதல்ல பார்க்கிறதுதான் சிக்கனம்.

பெட்டியைத் திறக்கிறவங்க ஒண்ணை மறக்காதீங்க. சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிடணும். வேலை தொடங்கும் முன்னே பெட்டியோட இரும்புப் பாகத்தைக் கையால தொட்டுக்கணும். உடம்புல சேர்ந்திருக்கிற மின்சாரம் உள்ளே இருக்கிற சிப்பைக் கெடுத்துடும்.

1,550 ரூபாய்

இப்போ அந்த அக்காவோட கதைக்கு வர்றோம். மகள் வீட்டோட போய் இருக்கப் போறேன், என் சேமிப்பைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கன்னு அவங்க கேட்டாங்க. மாசம் 50 ரூபாய் கட்டினவங்க. நோட்டுல உள்ளதுக்கும் அவங்க சொல்றதுக்கும் 31 மாசம் வித்தியாசம். 1,550 ரூபாய். அந்த வருஷத்து லெட்ஜர் மழையில ஓடு ஒழுகி நனைஞ்சு போச்சு. குழுவுல ரெண்டு பேச்சு ஆயிடுச்சு. "பொய் சொல்றாங்க"ன்னு ஒருத்தர் சொல்லிட்டாங்க. அந்த அக்கா அழுதுகிட்டே போனாங்க.

2012-க்கு முன்னே ஆபீஸ்ல இருந்த கம்ப்யூட்டரோட ஹார்டு டிஸ்க் மட்டும் பீரோவில் துணி சுத்தி இருந்தது. அந்த வருஷங்களின் மாதாந்திர அறிக்கை அதுலதான். ஆனா அது ஐ.டி.இ. வகை, 40 ஊசி உள்ள அகல முனை. இப்போ இருக்கிற கம்ப்யூட்டரில் அந்த முனை கிடையாது.

இதுக்கு ஐ.டி.இ.-யை யு.எஸ்.பி.-யா மாத்துற அடாப்டர் இருக்குது. வாங்கினோம். மாட்டினோம். ஒரு சத்தமும் இல்ல. டிஸ்க் செத்துப் போச்சுன்னு மனசு உடைஞ்சு போச்சு. அப்புறம் யோசிச்சோம். யு.எஸ்.பி.-யில வர்றது 5 வோல்ட்தான். இந்தப் பெரிய டிஸ்க் சுத்த 12 வோல்ட்டும் வேணும். அடாப்டர் பெட்டியில தனியா ஒரு கரண்ட் பிளக் இருந்தது, நாமதான் அதை மாட்டல. மாட்டினதும் டிஸ்க் சுத்துற சத்தம் கேட்டது.

அப்பவும் திரையில காட்டல. டிஸ்க்கின் பின்னால ஜம்பர்னு சுண்டு விரல் நக அளவுக்கும் சின்னதா ஒரு மூடி இருக்கும். டிஸ்க் மேலே ஒட்டியிருக்கிற படத்தைப் பார்த்து அதை "மாஸ்டர்" இடத்துக்கு மாத்தினோம். உடனே காட்டிடுச்சு.

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை. பழைய டிஸ்க்கை மாட்டும்போது "ஃபார்மட் செய்யவா?"ன்னு கம்ப்யூட்டர் கேட்டா, ஒருபோதும் சரின்னு அழுத்தாதீங்க. அழுத்தினா டிஸ்க்கில் உள்ளதை அழிக்கச் சம்மதம் கொடுத்த மாதிரி. கழட்டிட்டு, வயர் சரியா இருக்குதான்னு பாருங்க. அப்பவும் கேட்டா விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க.

கோப்பைத் திறந்தோம். 31 மாசத்துல 29 மாசத்துக்குப் பதிவு இருந்தது. மீதி ரெண்டு மாசம் அந்தக் குழு கூடவே இல்லைன்னு அதுலயே எழுதியிருந்தது. அந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினோம். "ஆமா, அப்போ நடவு நேரம், யாரும் வரல. நான்தான் மறந்துட்டேன்"னு அவங்களே சொன்னாங்க. 1,450 ரூபாயைக் கூட்டத்துல வச்சுக் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்துல எழுதினோம். பொய் சொல்றாங்கன்னு சொன்ன அக்கா எழுந்து வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அன்றைக்கு 38,000 கொடுத்துட்டு பழசையெல்லாம் இரும்புக்குப் போட்டிருந்தா இந்தக் கணக்கு எங்கே போயிருக்கும்?

அடாப்டர் இல்லாத இடங்கள்

எதையும் எதுலயும் சேர்த்துடலாம்னு நினைச்சுடாதீங்க. ரேம் என்கிற நினைவகத்துக்கு அடாப்டரை நம்பாதீங்க. நம்ம கம்ப்யூட்டருக்கு டி.டி.ஆர்.3 வகைதான். டி.டி.ஆர்.4-இல் வெட்டு வேற இடத்துல இருக்கும், கரண்ட் அளவும் வேற. அழுத்திச் சொருகினா உடையும். எஸ்.எஸ்.டி.-யிலயும் சூயிங்கம் பட்டை மாதிரி ஒரு புது ரகம் வருது. கார்டு போட்டு மாட்டலாம்னு சொல்வாங்க. ஆனா பல பழைய கம்ப்யூட்டர் அதுலேர்ந்து எழுந்திருக்காது. நமக்கு இரண்டரை இஞ்ச் சாட்டா ரகம் போதும்.

விண்டோஸ் விஷயத்தையும் மறைக்காம சொல்லிடுறோம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட முடிஞ்சது. நம்ம கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்கான தகுதியில வராது. அதனால இதைக் கணக்கு எழுத, பிரிண்ட் எடுக்க மட்டும் வச்சுக்கறோம். இன்டர்நெட்டில் சேர்க்க மாட்டோம். வங்கி வேலை இதுல கிடையாது. இலவசமா கிடைக்கிற லினக்ஸ் போடலாமான்னு அடுத்த கூட்டத்துல பேசி முடிவு செய்வோம்.

கடைக்குப் போகும் முன்னே

உங்க குழுவிலோ பிள்ளைங்க படிக்கவோ பழைய கம்ப்யூட்டர் வச்சிருந்தா, இதை நோட்டுல எழுதிக்குங்க.

முதல்ல கணக்கை நகல் எடுங்க. ஒரு நகல் ஆபீஸில், ஒரு நகல் வேற வீட்டு பீரோவில். நகல் திறக்குதான்னு திறந்தும் பாருங்க. எஸ்.எஸ்.டி. சொல்லாம கொள்ளாம நின்னு போகும்.

இரண்டாவது, "எங்கேயிருந்து எங்கே போகுது?"ன்னு திசையைச் சொல்லிக் கேளுங்க. கம்ப்யூட்டர் பக்கம் இது, மானிட்டர் பக்கம் இதுன்னு படத்தைக் காட்டுங்க.

மூணாவது, "இதுக்குக் கரண்ட் எங்கேயிருந்து வருது?"ன்னு கேளுங்க.

நாலாவது, பில் வாங்குங்க. சேரலேன்னா மாத்திக் கொடுப்பாங்களான்னு முன்னாடியே கேளுங்க.

அஞ்சாவது, ஓடலேன்னா ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாருங்க. வயரை மாத்துங்க, பாருங்க. அப்புறம் முனையை மாத்துங்க, பாருங்க. எல்லாத்தையும் ஒண்ணா மாத்தினா கோளாறு எதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. பழைய வட்ட முனை கீபோர்டும் மவுஸும் இருந்தா, கம்ப்யூட்டரை அணைச்சுட்டுத்தான் கழட்டணும், மாட்டணும்.

இதுவரைக்கும் ஆன செலவுக்கு எல்லா பில்லும் ஒட்டி வச்சிருக்கோம். கடைக்காரர் கேட்டதுல கால் பங்குகூட ஆகல. தவறா வாங்கின முதல் அடாப்டரும், உருகின அடாப்டரும் அந்தக் கணக்குலயே இருக்குது, மறைக்கல. பார்க்க விரும்புறவங்க கூட்டம் முடிஞ்சதும் கணக்காளர் தங்கச்சிகிட்ட கேட்டுப் பாருங்க. உருகின முனையும் மேசை மேலே இருக்குது, கையில எடுத்துப் பாருங்க.