நினைவஞ்சலி மிதிவண்டியிலும் செலுத்தலாம்



பதினாறாம் நாள் காரியம், ஆண்டுத் திதி, நாளேட்டில் படத்துடன் நினைவஞ்சலி என்று மறைந்தவர்களுக்குச் செய்ய வேண்டிய கடமையை மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் தவறாமல் செய்து வருகின்றன. அந்தக் கடமையில் ஒரு பங்கு, அதே நோயோடு போராடிக் கொண்டிருக்கும் இன்னொருவரைச் சென்றடைந்தால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த பில்லி ஸ்டார், 1974-இல் தம் தாயாரைத் தோல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். 1980-இல் 36 பேர் சேர்ந்து மிதிவண்டிப் பயணம் மேற்கொள்ள அவர் ஏற்பாடு செய்தார். திரண்டது 10,200 டாலர். அத்தொகை பாஸ்டனிலுள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய்க் கழகத்திற்குச் சென்றது. ஆண்டுதோறும் தொடர்ந்த அந்தப் பயணம் 2024-க்குள் திரட்டிக் கொடுத்த மொத்தத் தொகை நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

இவ்வளவு பேர் நம்பிப் பணம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. ஓட்டுநர் ஒவ்வொருவரும் குறிப்பிட்ட தொகையைத் திரட்டித் தருவதாக உறுதி கூற வேண்டும். குறைந்தால் மீதியைத் தம் பணத்திலிருந்து கட்ட வேண்டும். ஓட்டுநர்கள் திரட்டும் பணம் முழுவதும் கழகத்திற்கே போகிறது. ஏற்பாட்டுச் செலவைப் பதிவுக் கட்டணமும் ஆதரவாளர்களும் ஈடுகட்டுகின்றனர்.

துயரத்தை அறப்பணியாக்குவது தமிழருக்குப் புதிதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோயில் இழந்தார். 31 ஆண்டுகள் கழித்து, 1954-இல், அவர் முயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை உருவானது.

இனி அம்பாங்கிற்கு வருவோம். அம்பாங்கிலிருந்து மலையேறி உலு லங்காட்டில் இறங்கும் சாலை, வார இறுதியில் மிதிவண்டி ஓட்டிகளுக்குப் பழகிய பாதை. மறைந்த தாயின் பெயரிலோ, அண்ணன் பெயரிலோ பத்துப் பேர் அங்கே ஓட்டலாம். ஆனால், சட்டை அச்சடித்துப் படம் எடுத்துக் கொள்வதோடு அது முடிந்துவிடக் கூடாது. பணம் யாருக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1966-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய்ச் சங்கம் உண்டு. 1991-இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் நோயாளிகளின் வீட்டுக்கே சென்று கட்டணமின்றி வலிதணிப்புச் சேவை வழங்குகிறது. அத்தகைய அமைப்பிடம் முன்கூட்டியே பேசி, பணம் நேரே அதன் கணக்கில் சேர வழிசெய்யுங்கள். பொதுமக்களிடம் வீடு வீடாகவோ தெருவிலோ வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

அந்தச் சாலையில் வளைவுகள் அதிகம். விடியற்காலையில் புறப்படுங்கள். தலைக்கவசமும் விளக்கும் இல்லாதவரைச் சேர்க்காதீர்கள். இறக்கத்தில் போட்டி வேண்டாம். ஒருவரின் நினைவுக்காகக் கிளம்பியவர்களில் இன்னொரு வீட்டுக்குத் துக்கம் வந்துவிடக் கூடாது அல்லவா?

ஓட்டம் முடிந்த ஒரு வாரத்திற்குள் வரவையும் செலவையும் பற்றுச்சீட்டோடு கொடுத்தவர்களுக்குக் காட்டுங்கள். பத்து வெள்ளி கொடுத்தவருக்கும் அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு. கணக்கு சரியாக இருந்தால், அடுத்த ஆண்டுத் திதிக்கு அவரே இன்னொருவரை அழைத்து வருவார்.